வெட்டிப் பிரித்த பின்சீட்டு

ஷேர் ஆட்டோவில் ஏறினால் ரூத் உடனே உட்கார மாட்டாள். குனிந்து, சீட்டின் ஓரத் தையலைக் கட்டைவிரலால் ஒரு முறை நீவிப் பார்ப்பாள். பின்னால் நிற்பவர்கள் தள்ளுவார்கள். டிரைவர் திரும்பி முறைப்பான். அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. "இஞ்சுக்கு ஏழு தையல் வரணும் நைனா. எட்டு போட்டா ரெக்சினு கிழிஞ்சிடும், ஆறு போட்டா பல்ல இளிக்கும். இவன் இன்னா, கோணி மூட்டய தச்சா மாதிரி தச்சிகீறான்!" என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள்.

கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஒரு மருந்துக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது அவளுடைய தையல் கடை. பள்ளிச் சீருடை, ரவிக்கை, அறுந்த புத்தகப்பை, எது வந்தாலும் தைப்பாள். வயது ஐம்பதை நெருங்குகிறது. டேப் கழுத்தில் மாலை மாதிரி கிடக்கும், அளவெடுப்பது என்னவோ கண்ணால்தான். வாசலில் வந்து நிற்கிற பிள்ளையின் தோளை ஒரு தரம் பார்த்துவிட்டு, "போன வருசத்துக்கு ஒரு இஞ்சு ஏறிகீற" என்பாள். சரியாகவே இருக்கும்.

பேச்சு ஓயாது. எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யார் மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனாள், எல்லாம் அந்தக் கடையில் கிடைக்கும். "எனுக்கு எதுவும் வவுத்துல நிக்காது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கேட்பவர்களும் அதை நம்பினார்கள்.

ரூத்தின் தகப்பன் பிறர் நிலத்தில் கூலிக்கு வரப்பு வெட்டியவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவள் இவள்தான். ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல் இருந்த சாரங்கா கார் கம்பெனியில், சீட்டுத் தைக்கும் பிரிவில், ஒன்பது வருடம். எண்பத்தெட்டில் கம்பெனியை மூடிவிட்டார்கள். அதன் பிறகு சாலையில் சாரங்கா கார் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒரு கட்டத்தில் கண்ணிலேயே படாமல் போனது.

இரண்டாயிரத்து ஏழு தை மாதத்தில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. முட்டுக்காட்டில் ஒரு பணக்காரர் சாரங்கா கார்களை மட்டும் தேடித் தேடிச் சேர்த்து அருங்காட்சியகம் திறந்திருக்கிறார். பழைய தொழிலாளர்கள் குடும்பத்தோடு வரலாம், மதியச் சாப்பாடு உண்டு என்று எழுதியிருந்தது. ரூத் அந்தக் கடிதத்தைக் கடைக்கு வந்த எல்லோருக்கும் காட்டினாள். "மூஜியம்னா செத்த ராஜாவோட கத்தியதான் வெப்பானுங்க. இப்ப நான் தச்ச சீட்ட வெச்சிகீறானுங்க, தெரியுமா?"

கணவன் பூபாலனையும் கூட்டிக்கொண்டு போனாள். அவன் சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வாசலில் காவல் வேலை பார்க்கிறவன். ரூத் நூறு வார்த்தை பேசினால் அவன் ஒன்று பேசுவான். லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான்.

பெரிய தகரக் கொட்டகை, உள்ளே ஏ.சி. குளிர். பதினான்கு கார்கள் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் 'தொடாதீர்கள்' என்று பலகை. மேலாளர் ஹரிகிருஷ்ணன் சிரித்துக்கொண்டே, "நீங்க தொடலாம்மா, நீங்க செஞ்சதுதானே" என்றார். அவ்வளவுதான். ரூத் ஒவ்வொரு காராகக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். "இது என்னுது. முடிச்சப் பாரு, உள்ளுக்கு வாங்கியிருக்கேன். இது பார்வதம் தச்சது. கோணையா கீது பாரு. சூப்பர்வைசர் இன்னா திட்டு திட்டுவான் அவள!" பூபாலன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையாட்டியபடி வந்தான்.

கடைசியில், சுவரோரம், ஒரு கண்ணாடிப் பெட்டி. ஒரு பின்சீட்டை நடுவில் குறுக்கே அறுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்படி வைத்திருந்தார்கள். கீழே ஸ்பிரிங், அதன் மேல் கோணி, தேங்காய் நார், பஞ்சு, மேலே சிவப்பு ரெக்சின். நாருக்கும் பஞ்சுக்கும் நடுவே நசுங்கிப்போன ஒரு துணி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சந்தன நிறத்தில் பச்சைக் கட்டம் போட்ட துணி. அதன் நுனியில் ஒரு நாடா தொங்கியது.

பக்கத்தில் பலகை: 'பஞ்சுக்குப் பதிலாகக் கந்தல் துணி! தொழிலாளர்களின் இத்தகைய பொறுப்பின்மையும் சாரங்காவின் வீழ்ச்சிக்கு ஒரு காரணம்.'

ரூத்தின் பேச்சு பாதி வார்த்தையில் நின்றது. கண்ணாடியைத் தொடப் போன கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

எண்பத்தைந்து, ஐப்பசி மழை. அவர்களுடைய முதல் குழந்தை எஸ்தருக்கு ஐந்து மாதம். விடிகாலையில் ஜுரம் கொதித்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று கையை நீட்டினார்கள். வந்த வண்டி எதுவும் நிற்கவில்லை. அதில் மூன்று சாரங்கா கார்கள். ரூத் தைத்த சீட்டாகக்கூட இருந்திருக்கும். பஸ் வந்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எஸ்தர் இல்லை.

பூபாலனின் கல்யாணச் சட்டையில் மிஞ்சிய துணியில் ரூத் குழந்தைக்கு ஒரு சொக்காய் தைத்திருந்தாள். அதைப் பூபாலன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு, வேலை விட்டு வந்ததும் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். உதவிக்கு வந்திருந்த அவன் அக்கா சாராள் ஒருநாள், "செத்த கொயந்த துணிய வூட்டுல வெச்சிக்கக் கூடாதுடா" என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். மறுவாரம் சொக்காயைக் காணோம். பூபாலன் சாராளைக் கொட்டுகிற மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். "நான் எடுக்கலடா, கர்த்தர் மேல ஆணையா நான் எடுக்கல" என்று அவள் வாசலில் நின்று கதறினாள். ரூத் அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

இருபத்தோரு வருடமாக அக்கா தம்பிக்குள் பேச்சில்லை. சதுரங்கப்பட்டினத்தில் சாராள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை, அவள் கணவன் சாவுக்குப் போகவில்லை. சுனாமி வந்தபோதும் பூபாலன் அசையவில்லை. ரூத்தான் அவனுக்குத் தெரியாமல் பஸ் ஏறிப் போய், நாத்தனார் உயிரோடு இருப்பதைப் பார்த்து, அரிசியை இறக்கி வைத்துவிட்டு, சொல்லப்போனதைச் சொல்லாமலே திரும்பி வந்தாள்.

"இது எம் பொண்ணு சொக்கா."

பூபாலன்தான். எப்போது பக்கத்தில் வந்தான் என்றே அவளுக்குத் தெரியவில்லை. நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டு நின்றான். ஹரிகிருஷ்ணன் ஒன்றும் புரியாமல், "என்ன சார்?" என்றார்.

"என் கல்யாணச் சட்டத் துணி சார் இது. எஸ்தரு சொக்கா." நாடா தொங்கிய இடத்தை அவன் விரலால் காட்டினான். பிறகு ரூத்தின் பக்கம் திரும்பினான். "பாத்தியா? அவ பழந்துணிக்காரன் கிட்ட போட்டுகீறா. அவன் கொண்டாந்து கம்பெனில போட்டுகீறான். நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா?"

ரூத் தலையை ஆட்டியிருந்தால் போதும். அவனே காரணம் கண்டுபிடித்து, அவனே முடித்தும் வைத்துவிட்டான்.

"அவங்க இல்லய்யா" என்றாள். "நான்தான் வெச்சேன்."

பூபாலன் அவளையே பார்த்தான்.

"நீ டெய்லி அத மடில போட்டுகினு குந்தியிருந்த. எனுக்குப் பாக்க முடியல. எடுத்தும் போட முடியல. சாப்பாட்டுப் பைல வெச்சி எடுத்துகினு போயி, நார் மேல விரிச்சி, பஞ்ச வெச்சித் தச்சிட்டேன். ரோட்டுல அத்தினி காரு போச்சே, ஒண்ணு நின்னுச்சா? எம் பொண்ணு ஒரு தபாவாவது கார்ல போவட்டும்னுதான்…"

"அக்கா கொட்டற மழைல நின்னாளேடி."

"ஆமா."

"நீ அங்கதான இருந்த?"

"அங்கதான் இருந்தேன். அன்னிக்கு பயந்துட்டேன். மறுநா சொல்லிக்கலாம்னு நெனச்சேன். மறுநா வெக்கமாப் போச்சி. அப்பறம் நாளாவ நாளாவ வாயே வரல."

பூபாலன் கையை ஓங்கவில்லை, கத்தவும் இல்லை. சுவரோரம் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஹரிகிருஷ்ணன் அவசரமாகச் சாவியைத் தேடிக் கண்ணாடியைத் திறந்தார். "எடுத்துக்கங்கம்மா, தயவுசெஞ்சு எடுத்துக்கங்க" என்றார்.

ரூத் துணியைத் தொடவில்லை. பலகையைக் காட்டினாள். "இத மொதல்ல எடு சார். அது கந்தல் இல்ல. தொவச்சி, மடிச்சி, பூப்போல வெச்சது. எங்க செக்சன்ல ஒருத்தியும் கந்தல அடச்சதில்ல." அவர் அதைச் சுவரிலிருந்து பிடுங்கினார். ஆணியோடு வந்தது.

திரும்பிப் பார்த்தபோது பூபாலனைக் காணோம். ரூத் வெளியே ஓடினாள். அவன் காயலைப் பார்த்திருந்த வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். படகுத் துறைப் பக்கமிருந்து பிள்ளைகளின் கூச்சல் வந்தது. கிட்டே போகப் பயந்து அவள் இரண்டு படி மேலேயே நின்றாள்.

வெகு நேரம் கழித்து அவன் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தான்.

"அக்கா நம்பரு தெரியுமா உனுக்கு?"

அவளுக்கு மனப்பாடம். எத்தனையோ தடவை டெலிபோன் பூத்திலிருந்து போட்டு, 'அலோ' கேட்டதும் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றாக அழுத்தினான். மணி அடித்தது.

"அலோ… யாரு?" கிழடு தட்டிய குரல். "அலோ, யாரு பேசறது?"

பூபாலன் திரும்பிப் பார்க்காமலே, போனைப் பின்பக்கமாக ரூத்திடம் நீட்டினான்.