சொன்ன தேதியில் கொடுத்த பாவம்

இருபது வருடங்களாக முத்தியால்பேட்டையில் ஜாக்கெட் தைக்கிறேன். அதில் ஒரே ஒரு மாதம்தான் சொன்ன தேதியில் சொன்னபடி கொடுத்தேன். அந்த ஒரு மாதத்தில் கடையை இழுத்து மூடும் நிலைக்கு வந்துவிட்டேன். புதிதாகத் தொழில் தொடங்கும் பெண்கள் யாராவது "போட்டி வந்தா என்னக்கா செய்யணும்?" என்று கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். ஒரு தடவை கேட்டவர்கள் மறு தடவை யோசனை கேட்டு வந்ததில்லை.

கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டு முன்னறையில் ஒரு தையல் மிஷின், ஒரு ஓவர்லாக் மிஷின், வருகிறவர்கள் உட்கார ஒரு ஸ்டூல். துணியை வாங்கும்போது "வெள்ளிக்கிழமை வாங்க" என்பேன். வெள்ளிக்கிழமை வருவார்கள். "நாளைக்கு வாங்க, கொக்கிதான் பாக்கி" என்பேன். உண்மையில் அப்போது துணியை வெட்டியே இருக்கமாட்டேன். அது அவர்களுக்கும் தெரியும். திட்டுவார்கள், ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள், நாத்தனாரைப் பற்றி நாலு வார்த்தை சொல்வார்கள், கிளம்புவார்கள். மூன்றாவது தடவை வரும்போது ஜாக்கெட் கைக்குப் போய்விடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வருகிறவர்கள் டேப் வைத்து அளவெடுக்க விடமாட்டார்கள். பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து, "இதுதான் அளவு ஜாக்கெட், இதே மாரி தச்சிடு" என்பார்கள். அது பெரும்பாலும் இரண்டு பிள்ளை பெறுவதற்கு முன்னால் போட்ட ஜாக்கெட்டாக இருக்கும். நானும் ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொள்வேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் எதிர்ச் சாரியில் ஒரு பொட்டிக் திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் தலையில்லாத ஒரு பொம்மை. பொம்மையின் முதுகில் மட்டும் ஏழு முடிச்சும் நாலு குஞ்சமும். நடத்துகிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், சென்னையில் இதற்கென்றே படித்துவிட்டு வந்தவள். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? மிஷினில் உட்கார்ந்து நிமிர்ந்தால் அந்தப் பொம்மை என்னையே முறைத்துக்கொண்டு நிற்கும். தலையில்லாமல் எப்படி முறைக்கும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் எதிர்க்கடைக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

வீட்டுக்காரருக்கு இங்கே பக்கத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை. பஸ்ஸில் போக வர, போனில் தொழில் முன்னேற்ற வீடியோக்களாகப் பார்ப்பார். இதுவரை அதை வைத்து முன்னேற்ற அவருக்கு ஒரு தொழில் கிடைக்கவில்லை. பொட்டிக் திறந்ததும் ஆளுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"மொதல்ல எதிராளிய ஸ்டடி பண்ணணும்" என்றார். "நான் கஸ்டமர் மாரி உள்ள போயி எல்லாத்தையும் பாத்துட்டு வரேன்."

போனார். ஒரு மணி நேரம் கழித்து ஏசிக் காற்று பட்ட முகத்தோடு திரும்பி வந்தார். உள்ளே போன ஆம்பளை சும்மா நின்றால் சந்தேகம் வருமாம். அதனால் என் பீரோவில் இருந்து எடுத்துக்கொண்டு போயிருந்த துணியை, எனக்கு ஜாக்கெட் தைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அளவுக்கு என் ஜாக்கெட்டையே கொடுத்திருக்கிறார். தையல்காரியின் ஜாக்கெட் எதிர்க்கடையில் தைக்கக் கிடக்கிறது. நான் அன்றைக்குச் சோறு வடிக்கவில்லை.

அவருடைய இரண்டாவது யோசனைதான் என்னைக் கவிழ்த்தது. "உங்கிட்ட ஒரே ஒரு கொறதான். சொன்ன தேதிக்குக் குடுக்க மாட்ட. அத மட்டும் சரி பண்ணு, அந்தப் பொண்ணு கடைய மூடிட்டுப் போயிடும்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 'சொன்ன தேதியில் கட்டாயம் கிடைக்கும்' என்று ஒரு போர்டு எழுதி மாட்டினோம். பொட்டிக் ஜாக்கெட் மாதிரி உள்பக்கம் சுத்தமாக இருக்கட்டும் என்று, பிற்பாடு பிரித்துவிட உள்ளே விடுகிற துணியைக்கூட ஒட்ட வெட்டித் தைக்க ஆரம்பித்தேன்.

முதலில் வந்தது பூக்கடை அக்கா. வழக்கம்போல் திட்டத் தயாராக வந்தவள், ஜாக்கெட்டை எடுத்து நீட்டியதும் வாயைத் திறந்தபடி நின்றாள். "ஒடம்பு கிடம்பு செரியில்லையா?" என்று கேட்டாள். அடுத்து வந்தவள் தையலை இழுத்து இழுத்துப் பார்த்தாள். இன்னொருத்தி, "வேற ஆருகிட்டயாச்சும் குடுத்துத் தச்சியா?" என்றாள். ஒரு வாரத்தில் தெரு முழுக்கப் பேச்சு. எனக்கு வேலையே வருவதில்லையாம், கண் போய்விட்டதாம், கடையைக் காலி செய்யப்போகிறேனாம். அதுவரை மூன்று தடவை வந்த கூட்டம் இப்போது ஒரே ஒரு தடவை வந்தது. வாசலில் நாலு செருப்பு கிடந்தால்தானே ஐந்தாவது ஆள் ஏறி வருவாள்? ஸ்டூலில் பூனை படுத்துத் தூங்கியது.

இந்த நேரத்தில்தான் டீச்சர் வீட்டுக் கல்யாணம் வந்தது. டீச்சர் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு நடத்தி ரிட்டயர் ஆனவர், பொட்டிக்கைக்கூட 'பூத்தீக்' என்றுதான் சொல்வார். வீட்டுக்காரர் இல்லை, ஒரே மகள். மகள் மூன்று வருடமாகப் பாரீஸில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளையும் அங்கேதான். கல்யாணம் மட்டும் இங்கே, எங்கள் பக்கத்து மாதா கோவிலில் பூசையோடு. தெருவில் பாதிப் பேர் டீச்சர் பேச்சைக் கேட்டுத்தான் தையல்காரியை முடிவு செய்வார்கள். மகளுக்கு ஐந்து ஜாக்கெட் துணியும் அளவு ஜாக்கெட்டும் கொடுத்து, "கல்யாணப் பொடவையோடத அப்புறம் தரேன்" என்றார். அந்த ஆறாவது ஜாக்கெட் என் கைக்கு வந்துவிட்டால் பிழைத்தேன், இல்லாவிட்டால் போர்டோடு சேர்த்துக் கடையையும் கழற்ற வேண்டியதுதான். ராப்பகல் என்று பாராமல் தைத்து, சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே ஐந்தையும் அடுக்கிவைத்தேன்.

டீச்சர் வந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"அதுக்குள்ளயா? மோன் தியே, என் கடவுளே! அஞ்சுமா?"

"ஆமா டீச்சர். கல்யாண ஜாக்கெட்டும் குடுத்தீங்கன்னா..."

"ஏம்மா, நான் சொல்றேன்னு கோவிச்சிக்காத. கையில வேலையே இல்லாதவங்ககிட்ட கல்யாண ஜாக்கெட்டக் குடுக்க பயமா இருக்கு. எதிர்த்த பூத்தீக்ல கேட்டேன். பத்து நாளாகும்னு சொல்லிச்சு அந்தப் பொண்ணு. பத்து நாளாகும்னா நல்லாத்தான தைக்கும்?"

அவர் தெருவைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் வந்ததும் போனைப் பிடுங்கி அரிசி டப்பாவில் போட்டேன். அன்றைக்கு நான் அழுதேன், அதையும் மறைக்கவில்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் மகள் வந்து இறங்கினாள். மறுநாள் காலையில் டீச்சர் என் வாசலில் நின்றார், கையில் ஐந்து ஜாக்கெட். பக்கத்தில் மகள். மகள்தான் சொன்னாள். பாரீஸில் அவள் தினமும் நீச்சலுக்குப் போகிறாளாம். நிமிர்ந்து பார்த்தேன். தோள் இரண்டும் கதவு நிலைக்குச் சமமாக இருந்தன. அளவு ஜாக்கெட் மூன்று வருடத்துக்கு முந்தியது. போட்டுக் காட்டச் சொன்னேன். கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. பிரித்துவிடலாம் என்றால் உள்ளே துணி இல்லை, சுத்தமாக வெட்டித் தொலைத்திருந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது வருடமாக நான் அளவு ஜாக்கெட்டைப் பார்த்துத் தைத்ததே இல்லை. கேட்டுக் கேட்டு வருகிறார்களே, ஸ்டூலில் உட்காருகிறார்களே, தண்ணீர் குடிக்கக் கையைத் தூக்குகிறார்களே, அப்போது கண்ணாலேயே அளவெடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அவர்கள் போன பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பேன். எனக்கே தெரியாமல் செய்துகொண்டிருந்த வேலை. வழக்கப்படி இழுத்தடித்திருந்தால் இந்தப் பெண் வந்து இறங்கிய பிறகுதான் துணியை வெட்டியிருப்பேன்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் எதிர்க்கடைக் கண்ணாடிக் கதவு திறந்தது. அந்தப் பெண் கல்யாண ஜாக்கெட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். நேற்றே மகள் போட்டுப் பார்த்தாயிற்றாம். அவளும் அளவு ஜாக்கெட்டை அச்சு அசலாகத் தைத்துவைத்திருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, டேப் வைக்கணும்னேன், ஆளு இல்லன்னுட்டாங்க. எனக்கு இத எப்பிடி சரி பண்றதுன்னு தெரில."

அவளைப் பார்த்து உள்ளுக்குள் குளிர்ந்தது என்று எழுத ஆசைதான். அரை நிமிடம் குளிரவும் செய்தது. அப்புறம் அந்த மகள் முகத்தைப் பார்த்தேன், பிரிக்கிற ஊசியை எடுத்தேன்.

"கைக்குழிக்கு அடியில ஒரு துண்டு வெச்சித் தச்சா வெளில தெரியாது" என்றேன். "ஆனா அதே மாரி துணி வேணும்."

"புடவைல உள்ள சொருவுற பக்கம் வெட்டிக்கலாம்க்கா. மத்த அஞ்சுக்கும் எங்கிட்ட துணி இருக்கு."

மூன்று நாள் பகல் முழுக்க அவள் ஏசி அறையில் உட்கார்ந்து இருவரும் பிரித்தோம், தைத்தோம். நான் துண்டு வைத்தேன், அவள் கல்யாண ஜாக்கெட்டின் ஆரி பூவேலை கலையாமல் பிடித்துக்கொண்டாள். வெட்டுவதில் அவள் கை என்னைவிடச் சுத்தம், இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பொம்மையும் உள்ளே இருந்து பார்க்க அவ்வளவு மோசமில்லை. இடையில் அவள் ஒரு அலமாரியைத் திறந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்துத் தந்தாள். என் வீட்டுக்காரர் கொடுத்தது. போட்டுப் பார்த்தேன், எனக்கும் கை நுழையவில்லை. அவர் எடுத்துக்கொண்டு போன அளவு ஜாக்கெட் என் கல்யாணத்தின்போது தைத்தது.

பூசைக்கு நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் தெரியாது. மகள் சிலுவை போடக் கையைத் தூக்கும்போதெல்லாம் நாங்கள் கைக்குழியைத்தான் பார்த்தோம். கடைசியில் பாரீஸ் சிநேகிதிகள் சுற்றிக்கொண்டு அவளை ஆட இழுத்தபோது, எதிர்க்கடைக்காரி என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். தையல் விடவில்லை.

போர்டைக் கழற்றிவிட்டேன். பழையபடி வெள்ளிக்கிழமை என்கிறேன், சனிக்கிழமை திட்டு வாங்குகிறேன். வாசலில் செருப்புகள் சேர்ந்துவிட்டன. எதிர்க்கடையில் இருந்தும் இப்போது "நாளைக்கு வாங்கக்கா, கொக்கிதான் பாக்கி" என்று சத்தம் கேட்கிறது. இன்னும் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறாள், பழகிவிடும்.

மகளும் மாப்பிள்ளையும் பாரீஸுக்குத் திரும்பிய அடுத்த வாரம் டீச்சர் ஒரு பருத்தித் துணியோடு வந்தார். தனக்குத்தானாம், அவசரமில்லையாம். ஸ்டூலில் உட்கார்ந்து மகள் போனில் பேசியதை எல்லாம் சொன்னார். பூனையைத் தடவினார். வீட்டில் பேச ஆளில்லை என்று சொல்லவில்லை, பக்கத்தில்தான் வீடு, கிளம்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று, அவ்வளவுதான். அவர் போனதும் எனக்கு மனசு கேட்கவில்லை. மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அன்றைக்கே அதைத் தைத்து முடித்தேன்.

மறுநாளே வந்தார். "ரெடியாம்மா?"

டிராயரைத் திறக்கக் கை போனது. அவர் ஏற்கெனவே ஸ்டூலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வாங்க டீச்சர்" என்றேன். "கொக்கிதான் பாக்கி."

"நெனச்சேன்! நீ எப்ப சொன்ன நேரத்துக்குக் குடுத்த?" என்று சந்தோஷமாகத் திட்டிவிட்டு உட்கார்ந்து, தண்ணீர் கேட்டார். இன்றைக்குப் பதினோராவது நாள். ஜாக்கெட் கொக்கி கட்டி, இஸ்திரி போட்டு, டிராயரில் இருக்கிறது.