காய்ந்திருந்த சுவர்

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பஸ்ஸில் எல்லோரும் பள்ளத்துப் பக்கம் பார்த்துப் பயப்படுவார்கள். நான் மேட்டுப் பக்கம் பார்த்துப் பயப்படுகிறவன். ரோட்டோரம் மலையை வெட்டி வெட்டி வீடு கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஒரு புளொக் கல் சுவர் மண்ணைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அந்தச் சுவர்கள் நேராக நிற்கின்றனவா, நடுவில் வயிறு தள்ளியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே போவேன். அப்படிப் பார்த்து, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டதும் உண்டு.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மேசன் வேலைக்குப் போனவன் நான். வேலை பழகியது போலவே பயமும் பழகிவிட்டது. "சோத்துல கல்லு இல்லாட்டியும் தேடி எடுத்துக் கடிப்பீங்க" என்பாள் என் வீட்டுக்காரி. அவள் சொல்வது சரிதான். ஆனால் இங்கே எழுதப்போகிற விஷயத்தில் கல் இருந்தது.

என் அக்காவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் தனி வீடு கிடைத்தபோது எல்லோருக்கும் சந்தோஷம். லயத்து ஒற்றை அறையிலேயே பிறந்து, அதிலேயே கல்யாணம் முடித்து, பிள்ளையையும் பெற்று வளர்த்தவள். மலைச்சரிவில் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் படிபடியாக வெட்டி, ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம் கொடுத்திருந்தார்கள். இரண்டு அறை, முன்னால் ஒரு விறாந்தை. பின்கதவைத் திறந்தால் முகத்துக்கு நேரே மண். ஆளுயரத்துக்கும் மேலே, கேக்கை வெட்டினமாதிரி செங்குத்தாக. ஒவ்வொரு மழைக்கும் அதில் கொஞ்சம் உதிர்ந்து கதவடியில் வந்து உட்கார்ந்திருக்கும்.

அதற்காகத்தான் அந்தச் சுவரைக் கட்டினோம். நானும் மச்சானும், அதாவது அக்காவின் புருஷனும். அவர் வெலிமடையில் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவர். தோளும் பெரிது, வாயும் பெரிது. லொறி மேலே வராததால் கல், மணல், சீமெந்து எல்லாவற்றையும் ரோட்டிலிருந்து சுமந்துதான் ஏற்றினோம். அத்திவாரத்தை ஆழமாக வெட்டி, கம்பி நிறுத்தி, கல்லின் குழிகளுக்குள் கொங்கிறீட் இறக்கி, முதுகுப் பக்கம் சல்லிக்கல் நிரப்பினேன். அடி வரிசைகளில் இடைவெளி விட்டுப் பைப் துண்டுகளைப் பதித்தேன்.

மச்சான் கலவைச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு அதைப் பார்த்தார்.

"ஏன்டா, மண்ணு உள்ள வரக்கூடாதுன்னுதானே இந்தப் பாடு. அப்புறம் நீயே ஓட்ட போடுற?"

"மண்ணு வரக்கூடாது மச்சான். தண்ணி வரணும். மழைத்தண்ணி பின்னால தேங்கினா மண்ணு கனத்துரும். கனத்த மண்ண இந்தச் சுவர் தாங்காது."

"கட்டுறதுக்கு முன்னாடியே இடிஞ்சி விழுறதப் பத்திப் பேசுற ஒரே மேசன் நீதான்."

அக்கா தேத்தண்ணியோடு வந்தவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அடுத்த மழைக்குப் பைப்புகள் எல்லாம் ஒழுகின. அதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

வீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவு இடம் இருந்தது. லயத்தில் இருந்தவர்களுக்கு அப்படியொரு இடம் சும்மா கிடந்தால் கை அரிக்கும். மூன்று மாதம் கழித்து நான் போனபோது மச்சான் என் சுவரின் உச்சிக்கும் வீட்டுக் கூரைக்கும் நடுவே தகரம் போட்டு, இரண்டு பக்கமும் பலகை அடித்து, குசினி ஆக்கியிருந்தார். விறகடுப்பு சுவரை ஒட்டி இருந்தது. பைப்பிலிருந்து சொட்டிய தண்ணீர் குசினித் தரையில் சின்னக் கானாக, வாய்க்கால் மாதிரி ஓடி வெளியே போனது. அது ஓடும் வரைக்கும் பரவாயில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு வந்தேன்.

பிறகு என் மருமகள், அக்காவின் ஒரே மகள், தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தாள். அவள் புருஷனுக்குக் கொழும்பில் கடை வேலை, படுக்கையும் கடையிலேயேதான். பதுளை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்குக் கூட்டி வந்த நாளில் மழை பிடித்தது. கார்த்திகை மழை. விடுகிற மழையாகத் தெரியவில்லை.

நான் வேறு இடத்தில் வேலையில் இருந்தேன். மழை என்றால் எனக்கு அக்கா வீட்டுச் சுவர்தான் கண்ணுக்குள் நிற்கும். போன் எடுத்துக் கேட்டேன்.

"அக்கா, சுவர் ஒழுகுதா?"

"ஒரு சொட்டு இல்ல தம்பி. நல்லா காஞ்சி கெடக்கு. உன் கைவேலைன்னா சும்மாவா."

அவள் என்னை மெச்சினாள். ஆனால் அவ்வளவு மழையில் அந்தச் சுவர் காய்ந்து கிடக்கவே கூடாது. அடுத்த பஸ்ஸில் ஏறினேன். போகிற வழியில் ரோட்டோரச் சுவர்கள் எல்லாம் பழுப்புத் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தன. பசறை தாண்டி நான் இறங்கிய பிறகு, எனக்குப் பின்னால் வளைவில் மண் சரிந்து ரோடு மூடிவிட்டது என்றார்கள்.

குசினிக் கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. பூண்டு, பெருங்காயம், சாம்பிராணி எல்லாம் கலந்த வாசம். அடுப்புக்கும் சுவருக்கும் பக்கத்தில் பாய், அதன் மேல் மெத்தை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மருமகள் சுவர்ப்பக்கம் முதுகு காட்டிப் படுத்திருந்தாள். அவள் கையணைப்பில் குழந்தை.

"கதவச் சாத்து தம்பி. காத்து வருது," என்றாள் அக்கா.

"இங்கயா படுக்கப் போட்டிருக்கீங்க?"

"வேற எங்க போடுறது? உள் ரூம்பு ஐஸ் மாதிரி இருக்கு. பச்ச உடம்பு. இங்கதான் அடுப்புச் சூடு இருக்கு."

நான் சுவரைப் பார்த்தேன். பைப்புகளைக் காணவில்லை. சுவர் முழுக்கச் சுண்ணாம்பு பூசி, அதன் மேல் அடுப்புக் கரியும் படிந்திருந்தது. பைப் இருந்த இடங்களில் கை வைத்துத் தடவினால் களிமண் மேடு தட்டுப்பட்டது.

"ஓட்டையெல்லாம் எங்க அக்கா?"

"அடச்சிட்டேன். பழைய படங்கக் கிழிச்சித் திணிச்சி, மேல மண்ணு பூசிட்டேன். அதுக்குள்ளாலதான் குளிர்காத்து வந்திச்சி. பிள்ள பெத்தவளுக்குக் காத்து பட்டா ஜன்னி வரும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். என் வீட்டுக்காரிக்கும் இப்படித்தான் கதவு இடுக்கில் துணி திணித்தோம். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குக்குத் தண்ணீர் லேசில் இறங்காது. அதனால்தான் அது இவ்வளவு நன்றாக அடைத்திருந்தது.

சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நூல் பிடித்தேன். நடுவில் கல் நூலை முட்டித் தள்ளியது. கல்லின் இடுக்கு வழியே படிக்கட்டு மாதிரி ஒரு வெடிப்பு ஏறிப் போயிருந்தது. அடுப்புக் கரி படிந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை.

மச்சான் விறாந்தையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். "வந்துட்டாரா நம்ம எச்சரிக்கை அறிவித்தல்? நூலு வேற பிடிக்கிறாரு."

"சுவர் தள்ளியிருக்கு மச்சான். இவங்கள இப்பவே வெளிய கொண்டு போகணும்."

"அது கட்டினப்பவே அப்படித்தான் இருந்திச்சி."

அப்படி இருக்கவில்லை என்று சொன்னால் சண்டை வரும். நான் அலவாங்குக் கம்பியை எடுத்து மருமகளுக்கு எட்டத் தள்ளியிருந்த ஓர் அடைப்பைக் குத்தினேன். களிமண் விழுந்தது. படங்குத் துணியை இழுத்ததும் தண்ணீர் பீச்சியடித்து எதிர்ப்பக்கம் வீட்டுச் சுவரில் போய் மோதியது. குழந்தை அழுதது. தண்ணீர் தெளிவாக வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அது பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் வந்தது. பின்னால் இருந்த மண் கரைந்து வந்துகொண்டிருந்தது. மற்ற அடைப்புகளில் கை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்காதான் பேசினாள்.

"முப்பது நாள் கழியாம எங்கடா கொண்டு போறது? தீட்டு வீட்டுப் பொம்பளைய எவன் வீட்டுல ஏத்துவான்? சாமிப்படம் இல்லாத வீடு எங்க இருக்கு?"

என் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றால் ரோடு மூடிக் கிடந்தது. பக்கத்து வீடுகளும் அதே சரிவில்தான். அப்போதுதான் எனக்குப் பிள்ளைக்காம்பரா ஞாபகம் வந்தது. கொழுந்துக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற தோட்டத்துக் கட்டடம். கீழே, மைதானத்துக்குப் பக்கத்தில், சமநிலத்தில் இருக்கிறது. மழையால் வேலை இல்லாமல் பூட்டிக் கிடந்தது. ஓடிப்போய் அங்கே பிள்ளை பார்க்கிற ஆயம்மாவிடம் சாவி கேட்டேன்.

"பிள்ளைக்காம்பராவுக்குப் பிள்ள வர்றதுக்கு என்ன தீட்டு. கூட்டிட்டு வா," என்றாள் அவள்.

மருமகளைக் கம்பளியால் மூடி, தலையில் துண்டு கட்டி, கையில் வேப்பிலையும் சின்னக் கத்தியும் கொடுத்து இறக்கினோம். குழந்தையை அக்கா நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். மச்சான் குடை பிடித்தார். படி எல்லாம் தண்ணீர். வழி நெடுக அக்கா சாமியிடம் பேசுகிற மாதிரி என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

பிள்ளைக்காம்பரா பெரிய இடம், சீமெந்துத் தரை, கண்ணாடி உடைந்த ஜன்னல். அட்டை வைத்து மூடினோம். கரியடுப்பு மூட்டினோம். சூடு ஏறவில்லை. பொழுது சாயும்போது குழந்தை தும்மத் தொடங்கியது. ஒவ்வொரு தும்மலுக்கும் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சின்னா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

மச்சான் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "சுவர் அப்படியேதான் நிக்கிது. விடிஞ்சா திரும்பிப் போறோம். அவ்வளவுதான்."

நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். மழை தணிந்து தூறலாகியிருந்தது. அந்த நேரத்தில் நான் நினைத்ததை இன்றைக்கு வரை வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னதில்லை. அந்தச் சுவர் விழ வேண்டும் என்று நினைத்தேன். என் கையால் கட்டிய சுவர், என் அக்காவின் வீடு. பொய்யாய்ப் பயந்தவன் என்று பேர் வாங்குவதைவிட அது விழுந்தால் தேவலை என்று ஒரு மனிதன் நினைக்கிறான். பயந்தே பழகினவனுக்கு மனம் இப்படித்தான் கெட்டுப்போகும் போலிருக்கிறது.

விடிந்ததும் மச்சான் வெந்நீர்ப் பானையை எடுத்துவரக் கிளம்பினார். தனியாக விட மனமில்லாமல் நானும் பின்னால் போனேன். மழை விட்டிருந்தது, மலையில் வெயிலும் அடித்தது. சுவர் நின்றது.

"பாத்தியா?" என்று சொல்லிக்கொண்டே குசினிக்குள் காலை வைத்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்புச் சாம்பல் கூழாகிக் கிடந்தது. மேலேயிருந்து ஒரு சொட்டும் ஒழுகவில்லை. தண்ணீர் அடுப்புக்குக் கீழேயிருந்து, தரையைப் பிளந்துகொண்டு வந்திருந்தது. சுவரோரத் தரை மேடாகத் தூக்கியிருந்தது, ரொட்டி உப்பின மாதிரி. மச்சான் பானையைத் தொடவில்லை. காலைப் பின்னுக்கு எடுத்து வைத்து வெளியே வந்தார்.

"வா போவம்," என்றார்.

பிள்ளைக்காம்பராவுக்கு வந்து கை கால் கழுவி, தேத்தண்ணி வாயில் வைக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. லொறியிலிருந்து மணல் கொட்டினால் கேட்குமே, அப்படி. அதன் பிறகு தகரம் மடங்குகிற சத்தம்.

மருமகள் தலையைத் தூக்கினாள். "என்ன சத்தம் மாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார். "ரோட்டுல மண்ணு கொட்டுறாங்க. படு நீ."

பச்சை உடம்புக்காரி பயந்தால் பால் வற்றிவிடும். அதனால் யாரும் சொல்லவில்லை. மேலே குசினி இருந்த இடம் மண்ணாகிவிட்டது. மெத்தை கிடந்த பக்கம் கல்லும் மண்ணும் ஜன்னல் உயரத்துக்குக் குவிந்திருந்தது. இனி அங்கே குடியிருக்கக் கூடாது என்று அரசாங்கத்திலிருந்து வந்து பார்த்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா அதைப் பார்த்துவிட்டு வந்து என் தட்டில் சோறு போட்டாள், அவ்வளவுதான். குழந்தையின் தும்மல் தானாக நின்றது.

முப்பது கழிகிற வரைக்கும் நாங்கள் நடித்தோம். வேலை தொடங்கியதும் ஆயம்மா பிள்ளைகளை வாசல் பக்கம் வைத்துப் பார்த்துக்கொண்டு, எங்களுக்கு உள்பக்கத்தை விட்டுத்தந்தாள். குசினியில் இருக்கிற ஓமத்தண்ணிப் போத்தலை எடுத்துவரச் சொல்வாள் மருமகள். பசறையில் புதுசு வாங்கிவந்து மூடியைத் திறந்து கொஞ்சம் ஊற்றிவிட்டுக் கொடுப்போம். தொட்டில் சேலை கேட்பாள். கொடியில் காயலை என்போம். அவளும் ஒரு கட்டத்துக்கு மேல் எதையும் கேட்பதை விட்டுவிட்டாள்.

முப்பது கழிந்து தலைக்குத் தண்ணீர் வார்த்த அன்று, மருமகள் ஈர முடியோடு உட்கார்ந்து, மேலே வீட்டுக்குத் திரும்பத் துணிமணிகளைப் பையில் அடுக்கினாள். அக்கா மச்சானைப் பார்த்தாள். மச்சான் என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு. உனக்குத்தான் இந்த மாதிரி பேச்சு நல்லா வரும்," என்றார். கேலி மாதிரி ஆரம்பித்து, முடிக்கும்போது அது கேலியாக இல்லை.

சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பையின் வாயைக் கட்டினாள்.

"அப்ப எந்தப் பக்கம் போற பஸ்ல ஏறுறது மாமா?" என்று கேட்டாள்.

நாங்கள் மூன்று பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.