பிள்ளையாருக்கு எருக்கம்பூ

இன்று காலை பெங்காலான் பாலாக் கடற்கரையில் எருக்கங்கிளையை ஒடித்தேன். விரலில் ஒட்டிய பாலின் வாசனை என்னை எட்டு வயதுக்குத் தள்ளிவிட்டது.

அது நாங்கள் எஸ்டேட்டை விட்டு ரெம்பியா டவுனுக்குக் குடிவந்த வருஷம். புது வீட்டின் முதல் பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்க மாலை போட்டே தீருவது என்று அம்மா முடிவெடுத்துவிட்டார். பஸ் பிடித்து இதே கடற்கரைக்கு வந்தோம். காற்று மணலை வாரி வாயில் போட்டது. ஊதாப் பூவைக் கண்டதும் பை நிறையப் பறித்துக்கொண்டு வீரனாக அம்மாவிடம் ஓடினேன்.

"அது அடும்புடா மடையா! கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? நட!"

"பசார்ல பிளாஸ்டிக் மாலை விக்கிறாங்க லா, அம்மா."

"அத நீ போட்டுக்க."

கால் ஓயும்வரை நடந்தபின் ஒரே ஒரு செடி கிடைத்தது. பொதுக் கழிப்பறைக்குப் பின்னால் பூத்துக் குலுங்கியது. அம்மா ஒரு கணம் தயங்கினார். பிறகு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மொத்தத்தையும் பறித்தார்.

"எங்க பறிச்சோம்னு அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது."

"பிள்ளையாருக்குத் தெரிஞ்சிடாதாம்மா? அவருக்குத்தான் எவ்ளோ நீள மூக்கு!"

"அவரு பெரிய மனுசன்லா. காட்டிக்கொடுக்க மாட்டாரு."

இன்று அதே இடத்தில் பறித்த பூவோடு வீட்டுக்கு வந்ததும், அதை வாங்கிய என் மனைவி, "இவ்ளோ பூ எங்க கிடைச்சது?" என்று கேட்டாள்.

"கடற்கரையில" என்று மட்டும் சொன்னேன்.