நார்மல் என்று வந்த ரிப்போர்ட்

என் மூளையில் ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்த அன்று, எங்கள் பிளாக்கில் எல்லா வீட்டுக்கும் ஜாங்கிரி போனது. வாங்கி வந்து கொடுத்தவர் என் கணவர். பக்கத்து குவார்ட்டர்ஸ் திருநெல்வேலி அக்கா ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, "ஏட்டி, மூளையில ஒண்ணுமே இல்லன்னு ஸ்கேன் எடுத்தா கண்டுபிடிச்சாவ? எங்கிட்டக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லிருப்பேனே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

அதற்கு முந்தைய சில மாதங்களும் அப்படித்தான் படுத்துக் கிடந்தேன். காரணம் கேட்டால் என்னிடம் இல்லை. பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள், கணவருக்குப் பர்மனென்ட் வேலை, மாமியார் கொடுமை என்று சொல்லக்கூட வீட்டில் மாமியார் கிடையாது. ஆனாலும் காலையில் எழுந்து பல் துலக்குவதே பெரிய வேலையாக இருந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அழுகை வரும். அழுதால் ஏன் என்று கேட்பார்களே. அதனால் தலைவலி என்று சொல்லி வைத்தேன். நம் வீடுகளில் தலைவலிக்கு ஒரு மரியாதை உண்டு, யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆசை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, இது மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதினார். தலைவலிக்கு வேறு காரணம் எதுவும் இருந்துவிடக் கூடாதே என்று பாண்டிச்சேரியில் ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்கவும் சொன்னார். வீட்டில் எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. மட்டும்தான் காதில் விழுந்தது.

என் கணவருக்கு மைன்ஸில் கன்வேயர் பெல்ட் மெயின்டனன்ஸ். அங்கே சோதித்துப் பார்த்து 'ஓகே' கொடுத்துவிட்டால் பெல்ட்டை ஓட்ட வேண்டியதுதான். அதன்பிறகு நிறுத்தினால் மேலே பதில் சொல்லி மாளாது. என்னையும் அந்தக் கணக்கிலேயே எடுத்துக்கொண்டார். தங்கமான மனிதர், ஒரு சுடுசொல் சொன்னதில்லை. நான் படுக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, "அதான் நார்மல்னு வந்துடுச்சே, ஏந்திரும்மா" என்பார். நன்றாக இருக்கிற உடம்புக்கு மாத்திரை எதற்கு என்றார். மாத்திரையையும் விட்டேன். ஒரு சின்னக் கட்டியாவது இருந்திருக்கக் கூடாதா என்று சாமியிடம் சண்டை போட்டிருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் போட்டேன்.

அப்படியே வருடங்கள் ஓடின. சில மாதம் தேவலை, சில மாதம் முடியாது. சமைத்தேன், துவைத்தேன், கல்யாணங்களுக்குப் போய் மொய் எழுதினேன். போன வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மனச்சோர்வைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள், பழைய நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளையும் மூளை ஸ்கேன்களையும் பெயரை எடுத்துவிட்டுப் பார்க்கப் போகிறார்களாம். அதற்கு என் சம்மதம் வேண்டுமாம். கணவரும் கூட வந்தார்.

ஒரு இளம் பெண் டாக்டர் எங்களை உட்கார வைத்து விளக்கினாள். கணவர் பாதியிலேயே குறுக்கிட்டார். "இவங்களுக்கு ஸ்கேன் நார்மலாச்சுங்களே. வேற யாரோடதோ மாறி வந்துருக்கும், பாருங்க."

"மாறலை சார். கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை, அதுதான் அந்த நார்மலுக்கு அர்த்தம். ஒருத்தரோட ஸ்கேனை மட்டும் பார்த்து மனச்சோர்வு இருக்கா இல்லையான்னு இன்னிக்கும் யாராலும் சொல்ல முடியாது. நிறைய பேரோடதைச் சேர்த்துப் பார்த்தா ஏதாவது பிடிபடுமான்னுதான் தேடுறோம்."

"அப்ப இவங்களுக்கு நெசமாவே நோவு இருந்துச்சுங்களா?"

"டாக்டர் அன்னிக்கே எழுதியிருக்காரே சார்."

எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கையெழுத்து மட்டும் போட்டேன்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில், கணவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "இப்பவும் அப்டித்தான் இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க."

"அப்பறம் ஏன் இத்தினி வருசமா எங்கிட்ட சொல்லல?"

எனக்கு வந்த கோபத்தில் ஆள் நடமாட்டம்கூடத் தெரியவில்லை. "சொல்லிக்கினேதாங்க இருந்தேன்" என்று கத்தினேன்.

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்து, ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் போய் நின்றார். வரிசையில் எங்கள் பிளாக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். என்ன தொந்தரவு என்று கவுன்ட்டரில் கேட்டார்கள். எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "என் வூட்டுக்காரிக்கு மனசு முடியலிங்க. ரொம்ப வருசமா."