முட்டை மணந்த பானை

ஐஸ்லாந்தில் மாரிக் குளிரிலும் யன்னலைத் திறந்துபோட்டுத்தான் படுப்பார்களாம். வீட்டைச் சூடாக்கும் தண்ணீர் நிலத்துக்கு அடியிலிருந்தே கொதித்துக்கொண்டு வருகிறதாம். ஒஸ்லோ நகரின் குறொன்லாண்ட் பகுதியில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் வரதராசா சொன்ன கதை இது. அவர் அங்கே போனவரில்லை. பேர்கன் நகரில் இருக்கும் மைத்துனர் சொல்லக் கேட்டவர்.

கதை இரவீந்திரனின் மனதில் ஒட்டிக்கொண்டது. ஒஸ்லோவில் ஒரு மீன் குளிர்க் கிடங்கில் வேலை செய்தே அவருடைய விரல் மூட்டுகள் வீங்கிப்போயிருந்தன. இப்போது பெட்டிகளை இயந்திரம் அடுக்குகிறது. அவர் மெட்ரோவின் கடைசித் தரிப்பான வெஸ்ட்லியில் வேலையில்லாமல் வீட்டோடு இருக்கிறார். ஐம்பத்துநாலு வயதுக்காரரை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஐஸ்லாந்தில் தக்காளி வளர்க்கும் குன்னார் மட்டும்தான், "ஒரு கிழமை வந்து செய்து பார்" என்றார்.

போனார். வரதராசாவின் கதை மெய்தான். குளிர் ஒஸ்லோவைவிடக் குறைவு. காற்றுத்தான் ஆளைத் தள்ளி விழுத்தப் பார்த்தது. வெளியே பகலென்று சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடி வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் தக்காளி சிவந்து தொங்கியது. அந்த வெக்கையில் விரல்கள் மடங்கின. முதலாளியை எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். சமையலறையும் முதலாளிக்கும் ஆட்களுக்கும் ஒன்றுதான்.

திரும்பி வந்த பிறகு மனைவி உதயகுமாரி திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"திங்கட்கிழமை போன் எடுத்து முடிவு சொல்லுறன் எண்டவர் உங்கடை குன்னார், இண்டைக்குப் புதன். அங்கை என்னத்தைச் செய்துபோட்டு வந்தனீங்கள்?"

"ஒண்டுமில்லையப்பா. வெள்ளிக்கிழமை மட்டும் சின்னக் கதை."

"என்ன கதை?"

"வெள்ளி எண்டால் நான் மீன், இறைச்சி, முட்டை எண்டு மச்சம் ஒண்டும் தொடுறேல்லை, உமக்குத் தெரியும்தானே. கொண்டுபோன பானையைச் சுடுதண்ணியிலை கழுவி, அதிலையே அரிசியை ஊறப்போட்டன். மூடியைத் திறக்க ஒரே முட்டை மணம். குன்னார் காலமை காலமை முட்டை அவிக்கிறவன். அரிசியை அப்பிடியே கொட்டிப்போட்டு, மற்றவன்ரை பானையைக் கேக்காமல் தொடாதை எண்டு நேரை சொல்லிப்போட்டன்."

"முதலாளிக்கோ?"

"ஓம். மனுசன் சிவந்துபோச்சுது."

சாப்பாட்டு மேசையில் இருந்த மகள் நிலூஜா சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது.

"அப்பா, அது முட்டை இல்லை! சுடுதண்ணிக் குழாயே அங்கை அப்பிடித்தான் மணக்கும். நிலத்திலையிருந்து வாற கந்தகம். என்ரை வகுப்பிலை இருந்த ஐஸ்லாந்துப் பெட்டை சொன்னவள், குளிக்கத்தான் சுடுதண்ணியாம், சமைக்கப் பச்சைத்தண்ணியாம்."

இரவீந்திரன் யோசித்துப் பார்த்தார். குளிக்கும்போதும் அதே மணம். அதையும் குன்னாரின் முட்டைக் கணக்கில்தான் எழுதியிருந்தார்.

"பாவம் அந்த மனுசன்," என்றாள் உதயகுமாரி. "உங்கடை வெள்ளிக்கிழமை அவருக்கு என்னெண்டு தெரியும்? எடுங்கோ போனை. வேலை தாறாரோ இல்லையோ, பிழையைச் சொல்லுங்கோ."

"இப்ப கேட்டால் வேலைக்காகக் குழையிறன் எண்டெல்லோ நினைப்பான்?"

"வேலைக்காகவும்தானே?"

அவர் போனை எடுத்தார். குன்னாருக்கு விளங்கக்கூடிய நோர்வேஜிய வார்த்தைகளை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு எண்ணை அழுத்தினார். நிலூஜா சிரிப்பை நிறுத்தினாள். வெளியே மெட்ரோ வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பியது.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டேயிருந்தது. அவர் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.