லியூவுக்கு எந்த ஊர் சாப்பாடு?

வெளிநாட்டு விருந்தினரைக் கவனித்துக்கொள்ளும் வேலையில், மீட்டிங்கில் செய்த தப்பை மறுநாள் மெயிலில் சரிசெய்துவிடலாம்; டின்னரில் செய்த தப்பு விருந்தாளியின் வயிற்றோடு ஊருக்குப் போய்விடும். அமெரிக்காவில் சான் ஹோசேயில் இருக்கும் எங்கள் கம்பெனிக்கு சர்க்யூட் போர்டு செய்து தரும் சீனத் தொழிற்சாலையிலிருந்து யார் வந்தாலும் சாப்பிட அழைத்துப்போவது என் பொறுப்பு. நான் சைவம் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. இந்த மாதிரிப் பொறுப்பு தலையில் விழுந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம்.

விசிட்டிங் கார்டை நம்பியது

எஞ்சினியர் லியூ முதல்முறை வந்தபோது அவர் கார்டில் ஷென்ஜென் என்று இருந்தது. தென் சீனம், காரம் ஆகாது என்று நானே முடிவுகட்டி, முதல் மூன்று நாளும் கான்டனீஸ் ஹோட்டலுக்கே கூட்டிப்போனேன். ஆவியில் வெந்த மீன், தெளிந்த சூப். மனிதர் சிரித்த முகமாகவே சாப்பிட்டார். என்னை பஞ்சாபி பஃபேவுக்கு அழைத்துப்போய் "உங்க ஊர் சாப்பாடு" என்று பெருமைப்பட்டவர்கள் மேல் எனக்கு எத்தனை கோபம் வந்திருக்கிறது! அதையேதான் நானும் செய்திருக்கிறேன்.

நான்காம் நாள் மதியம் ஆபீசில் என் டிபன் பாக்ஸில் இருந்த மிளகாய் ஊறுகாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டினேன். வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கண்ணைத் துடைத்தபடி சொன்னார்: "ஃபேக்டரிதான் ஷென்ஜென்ல, ரவி. நான் செங்டூக்காரன். காரத்தைப் பாத்து நாலு நாளாச்சு."

இறைச்சி போடாத டோஃபு

அதன்பின் லியூ வந்தாலே, செங்டூ இருக்கும் சிச்சுவான் மாகாணத்து ஹோட்டல்தான். செங்டூவின் பேர்போன மாப்போ டோஃபுவை எனக்காக இறைச்சி போடாமல் செய்து தரச் சொன்னார். சமையல்கார அம்மாள் கிச்சனைவிட்டு வெளியே வந்துவிட்டார். இருவரும் சீன மொழியில் வாதாடினார்கள். புளி இல்லாமல் வத்தக்குழம்பு கேட்டால் என் மனைவியும் இப்படித்தான் நிற்பாள் என்று நினைத்து, தலையைக் குனிந்துகொண்டேன். கடைசியில் டோஃபு வந்தது. அந்த அம்மாள் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "உனக்காகப் பண்ணியிருக்கேன், சாப்பிடு. ஆனா வெளில போய் இதை மாப்போ டோஃபுன்னு சொல்லாதே."

சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

போன மாதம், ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்ற மேலிடம் முடிவு செய்தது. லியூவின் பிரிவே எங்கள் ஆர்டரை நம்பித்தான் ஓடுகிறது, அவர் வேலையும்தான். "டின்னர்ல நீயே பக்குவமா சொல்லிடு" என்றார்கள். முன்னால் சொன்னால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பின்னால் சொன்னால், வயிறு நிறைய வைத்து ஏமாற்றியது போல. ஹோட்டல் வாசலில் காரிலேயே உட்கார்ந்து மனைவிக்கு போன் செய்தேன். "பசியோட கேக்க வைக்காதீங்க. அதுக்காக பயந்துட்டு சொல்லாமயும் வந்துடாதீங்க" என்றாள்.

அவருக்குப் பிடித்த எல்லாவற்றையும் கேட்காமலே ஆர்டர் செய்தேன். மிளகாய்க் குவியலுக்குள் கோழித் துண்டுகளைத் தேடித் தேடி எடுத்தார். "லியூ, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன். அவர் குச்சிகளைக் கீழே வைக்காமலே சொன்னார்: "தெரியும், ரவி. நாளைக்கு மீட்டிங் இருந்தா இவ்வளவு காரம் வாங்கித் தந்திருக்க மாட்டீங்க. இன்னும் ரெண்டு துண்டு இருக்கு, முடிச்சுட்டுக் கேக்கறேன்."

சீனாவின் எந்த மாகாணத்துக்காரரை எந்த ஹோட்டலில் உட்கார வைக்கலாம் என்பது இப்போது எனக்கு ஓரளவு தெரியும். அவர் எதிரே எந்த முகத்தோடு உட்காருவது என்பதுதான் ஐம்பத்தாறு வயதிலும் பிடிபடவில்லை.