மஞ்சளான கண்கள்

அவர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். மூன்று மாடி உயரச் சாரத்தில் நின்றபடி கீழே இருப்பவர்களிடம் வம்பளப்பார். குடிப்பழக்கம் கிடையாது, அந்த வாடையே ஆகாது. விடாத இருமலுக்குக் காரணம் டிபி என்று தெரிந்ததும், மருத்துவமனையில் கொடுத்த மாத்திரைகளை ஒரு வேளை தவறாமல் விழுங்கினார். சில வாரங்களில் சாப்பாடு இறங்கவில்லை. கண் மஞ்சளானது.

"எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?" என்றார் டாக்டர்.

"குடிக்கிறதே இல்ல சார்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க."

மாத்திரைகளை நிறுத்தியதும் மஞ்சள் இறங்கியது, இருமல் ஏறியது. ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மாத்திரையைச் சேர்த்ததும் மறுபடி மஞ்சள். எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் மாத்திரை ஆயிற்றே என்று, இந்த முறை டாக்டர் பெயின்டில் கலக்கும் தின்னர் மேல் பழி போட்டார். அவர் வேலைக்குப் போயே மாதக்கணக்கில் ஆகியிருந்தது. வீட்டில் மனைவியோ பக்கத்தில் உட்காருகிற சாக்கில் வாயை முகர்ந்து பார்த்தார். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நேராவே பாத்துக்கோ!" என்று ஆவென வாயைத் திறந்து காட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நலம் விசாரிக்க வந்த அக்கா, அவர் கண்ணைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

"எனக்கும் இதே மாத்திரையிலதான்டா மஞ்சக்காமாலை வந்துச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி."

"எனக்கு டிபின்னு சொன்னப்பவே ஏன்க்கா வாயத் திறக்கல?"

"எனக்கு டிபி இருந்ததே உன் மாமாவுக்குத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க."

அவர் தன் கையிலிருந்த டம்ளரைத் தரையில் வைத்த வேகத்தில் தண்ணீர் சிதறியது.

மறுநாள் அக்காவையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். அக்கா சொன்னதைக் கேட்டபின் டாக்டர், ரத்தம் எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். முடிவு வந்தது.

"அந்த மருந்தைச் சிதைச்சு வெளியேத்தற வேலைய உங்க கல்லீரல் ரொம்ப மெதுவா செய்யுது. அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டேயிருந்தும் வந்த மரபணு. இப்படி இருக்கிற எல்லாருக்கும் காமாலை வராது. ஆனா ஆபத்து அதிகம்."

"இத மொதல்லயே பாத்திருக்கலாமே சார்?"

"இங்க அந்த வசதி இல்ல."

"குடிக்கிறியான்னு கேக்க மட்டும் வசதி இருந்துச்சு."

டாக்டர் மருந்துச் சீட்டை இழுத்து, அந்த மாத்திரையின் பெயரை அடித்தார்.

அந்த மாத்திரையை விட்டுவிட்டு வேறு மருந்துகள் கொடுத்தார்கள். சிகிச்சை நீண்டாலும் நோய் குணமாயிற்று. உடனே தம்பிக்குப் போன் போட்டார்.

"உனக்கும் இந்த மரபணு இருக்கலாம்டா. என்னைக்காவது டிபி வந்தா டாக்டர்கிட்ட மொதல்ல இதச் சொல்லு."

"வாயக் கழுவுண்ணே! நல்லா இருக்கிறவனுக்கு நோயக் கூப்பிடுறியா?" என்று தம்பி இணைப்பைத் துண்டித்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு, தம்பி மனைவியின் எண்ணைத் தேடினார்.